ஓரதர்

சென்ற மார்கழியில் எங்கள் தெருவைத் துயிலெழுப்பியது திருப்பாவை அன்று, என் கார். காலை ஏழேகாலுக்குச் சாவியைத் திருகுவேன். செல்ஃப் மோட்டார் உறுமும், எஞ்சின் சுழலும், பற்றாது. இருபது நொடி முயற்சி, சற்று இளைப்பாறல், மறுபடி இருபது நொடி. நான்காவது அல்லது ஐந்தாவது முறையில் ஒரு சிலிண்டர் மட்டும் விழித்துக்கொண்டு இருமும். பிறகு இன்னொன்று. வெண்புகை தெருவை மறைக்கும். எதிர்வீட்டு அம்மாள் கோலத்திலிருந்து நிமிர்ந்து, 'இன்னைக்குமா?' என்பதுபோல் பார்ப்பார். ஒருமுறை கிளம்பிவிட்டால் அன்று முழுவதும் தொல்லையில்லை. மாலையில் கல்லூரி வாசலில் தொட்டவுடன் கிளம்பும். இரவு நின்றால்தான் மறுநாள் இந்தக் கூத்து.

2006-ஆம் ஆண்டு டீசல் வண்டி. 2011-இல் பழைய காராக வாங்கினேன். பதினைந்து ஆண்டு முடிந்து 2021-இல் பதிவைப் புதுப்பித்தபோதே வீட்டில் விற்கச் சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை. ஆகவே மார்கழியில் நான் பட்ட பாட்டுக்கு வீட்டில் அனுதாபம் எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பேட்டரி என்றார்கள். மாற்றினேன். பிறகு ஹீட்டர் பிளக் என்றார்கள். குளிர்காலம் அல்லவா, நம்பும்படியாக இருந்தது. நான்கையும் மாற்றினேன். எந்த வேறுபாடும் இல்லை. பத்தாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் கரைந்தபின், பொங்கல் விடுமுறைக்கு மாமனார் வீட்டுக்குப் போனோம். அங்கே மூன்று நாளும் கார் முதல் திருகலிலேயே கிளம்பியது. எங்கள் வீட்டு வாசல் சாய்தளம். ஏறி நிறுத்தினால் காரின் மூக்கு மேலே நிற்கும். அவர்கள் வீட்டில் களத்துமேட்டிலிருந்து இறங்கி நிறுத்த வேண்டும், மூக்கு கீழே. இரண்டு இடத்திலும் அதே குளிர், அதே பேட்டரி, அதே பிளக்.

டேங்க் பின்புறம் இருக்கிறது. மூக்கு மேலே நின்றால் எஞ்சின் உயரத்திலும் டேங்க் பள்ளத்திலும் இருக்கும். இரவெல்லாம் குழாயில் நிற்கவேண்டிய டீசல் மெல்ல மெல்லப் பின்னோக்கி வழிந்து டேங்குக்கே போய்விடுகிறது. போன இடத்தில் காற்று குடியேறுகிறது. இதைக் கண்டுபிடித்தபோது நான் அடைந்த பெருமிதம், இருபது ஆண்டு ஆசிரியப் பணியில் எந்தப் பாடவேறுபாட்டைத் தீர்த்தபோதும் அடைந்ததில்லை.

இந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். (படிப்பதுதானே நமக்குத் தெரிந்த ஒரே பரிகாரம்.) டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பல மடங்கு அழுத்தி, அது பழுக்கக் காய்ந்திருக்கும் நொடியில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினில், எரிபொருளை உள்ளே ஊதித் தள்ளியதும் அழுத்தப்பட்ட காற்றேதான். அதற்கென்று தனிக் கம்ப்ரஸர் வேண்டும். வண்டியில் தூக்கிவைக்க முடியாத சுமை. டீசலை மட்டுமே அழுத்திப் பீய்ச்சும் பம்புகளை ராபர்ட் பாஷின் தொழிற்சாலை 1927-இல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் லாரிகளும் கார்களும் டீசலுக்குத் திரும்பின. அந்தக் கம்பெனியின் இந்தியக் கிளை 1951-இல் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 2008-இல் பெயர் பாஷ் என்று மாறியும் நம் ஊர் மெக்கானிக்குகளில் மூத்தவர்களுக்கு அது இன்றும் 'மைக்கோ பம்ப்'தான்.

அந்தப் பம்ப் இருக்கிறதே, அதற்குக் காற்று ஆகாது. நாஸில் திறக்க வளிமண்டலத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும். டீசல் அமுங்காது, தள்ளினால் தள்ளிய இடத்தில் போய் இடிக்கும். காற்று அமுங்கும். குழாயில் ஒரு குமிழ் இருந்தால் பம்ப் தள்ளும் தள்ளலையெல்லாம் அது சுருள்வில் போல வாங்கிக்கொண்டு மறுபடி விரியும். நாஸில் திறக்கவே திறக்காது. சிலிண்டருக்குள் எதனால் உயிர் வாழ்கிறதோ, அதே காற்று குழாய்க்குள் வந்தால் எஞ்சினுக்கு எமன்.

டீசல் பின்னோக்கி ஓடாதிருக்கக் குழாயின் நடுவே சின்னதாக ஒரு நான் ரிட்டர்ன் வால்வு இருக்கிறது. சுண்டுவிரல் நீளம். உள்ளே ஒரு மூடியும் மெல்லிய ஸ்பிரிங்கும். எஞ்சின் உறிஞ்சினால் திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். வால்வுக்குத் தமிழில் 'ஓரதர்' என்றொரு கலைச்சொல் உண்டு. அதர் என்றால் வழி. எல்லா வால்வும் ஒருவழி அல்ல ஆகையால் அந்தச் சொல்லின்மேல் எனக்கு நெடுநாளாக ஐயம் இருந்தது. இந்த வால்வுக்கு மட்டும் அச்சாகப் பொருந்துகிறது.

நிற்க. புதிய வால்வு 180 ரூபாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மாற்றினேன். ஃபில்டருக்குக் கீழே குழாயின் இரு கிளாம்புகளைத் தளர்த்தி, பழையதை உருவி, புதியதைச் செருகி, இறுக்கினேன். ஸ்குரூ டிரைவர் ஒன்றே போதுமானதாக இருந்தது. பிறகு ஃபில்டர் தலையிலுள்ள கைப்பம்பை அழுத்தினேன். ஒருமுறை அமுங்கியது. அமுங்கியது அப்படியே கிடந்தது, மேலே எழவில்லை. கையால் பிடித்து இழுத்தும் எழவில்லை. சாவியைத் திருகினேன். அதுவரை ஐந்தாவது முயற்சியிலாவது இருமிய எஞ்சின் இப்போது அதையும் மறந்தது. புதிய பேட்டரி தீரும்வரை திருகினேன்.

வால்வு விற்ற கடைக்காரர், "பல்லடம் ரோட்ல பம்ப் வேலை பாக்கறவர் ஒருத்தர் இருக்காருங்க, அனுப்பி வெக்கறேன்" என்றார். ஒரு மணி நேரத்தில் டி.வி.எஸ். எக்ஸெல்லில் வந்திறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும். முன்பக்கம் கருவிப் பை. என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, கால் ஊன்றியபடியே, "ஐயா, நீங்களா?" என்றார்.

எங்கள் துறையில் மட்டும்தான் மாணவர்கள் 'ஐயா' என்பார்கள். மற்ற துறைகளில் 'சார்'. ஆகவே யாரோ பழைய மாணவர் என்பது உடனே தெரிந்தது. யாரென்று தெரியச் சற்று நேரமாயிற்று. தெரிந்தபோது தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

2009-இல் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு. நான் வகுப்பாசிரியர். பல்கலைக்கழகத் தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். அதற்குக் குறைந்து 65-க்கு மேலிருந்தால் காரணம் எழுதி, அபராதம் கட்டி, வகுப்பாசிரியர், துறைத்தலைவர், முதல்வர் மூவரிடமும் கையொப்பம் பெற்றுத் தேர்வெழுதலாம். கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அந்தப் படிவத்தோடு வந்தான். (அன்றைக்கு அவன், இன்றைக்கு அவர். இரண்டும் மாறி மாறி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) இரவில் ஒரு பட்டறையில் வேலை செய்வதாகவும் அதனால் முதல் மணி வகுப்புக்கு வர முடிவதில்லை என்றும் எழுதியிருந்தான். எழுத்து நன்றாக இருந்தது. தாளின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கருப்பு மசிக் கறை. மேலே இன்னொரு சின்னக் கறை.

"தமிழ் படிக்கிற பிள்ளை கொடுக்கிற தாளா இது? வேறு படிவம் வாங்கிச் சுத்தமாக எழுதிக்கொண்டு வா" என்றேன்.

சரிங்கய்யா என்று போனான். நாலரை மணிவரை துறையில்தான் இருந்தேன், அவன் வரவில்லை. அந்தத் தேர்வை அவன் எழுதவில்லை. மூன்றாம் ஆண்டுக்கும் வரவில்லை. அக்கறையில்லாத பையன் என்று முடிவு செய்துகொண்டேன். இதைவிட மோசம், துறையறையில் தேநீர் நேரத்தில் அந்தக் கறைபடிந்த படிவத்தைப் பற்றி இரண்டு மூன்று முறை நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறேன். சிரித்தார்கள்.

அவர் குனிந்து வால்வைப் பார்த்தார். ஒரு நொடிதான். "ஐயா, அம்புக்குறி பாத்தீங்களா?"

பார்த்தேன். பார்த்துத்தான் மாட்டினேன். வால்வின் உடலில் ஓர் அம்புக்குறி பொறித்திருந்தது. எந்தத் திசையில் டீசல் போகக்கூடாதோ அந்தத் திசையைக் காட்டுகிறது என்று பொருள்கொண்டேன். நான் ரிட்டர்ன் வால்வு ஆதலால், தடுப்பதுதான் அதன் வேலை, தடுக்கும் திசையைத்தான் குறிப்பார்கள் என்பது என் உரை. பதவுரை தெரியாமல் விசேடவுரை எழுதிய கதை. அம்பு எஞ்சினைப் பார்க்க வேண்டுமாம். நான் டேங்கைப் பார்க்க வைத்திருந்தேன். டீசல் ஒரு சொட்டும் வர வழியில்லாமல் கைப்பம்ப் வெற்றிடத்தை உறிஞ்சிக்கொண்டு அமுங்கிக் கிடந்ததன் காரணம் அதுதான்.

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. வால்வைக் கழற்றித் துணியில் துடைத்து வாயில் வைத்து ஊதிக் காட்டினார். ஒரு பக்கம் காற்று போனது. திருப்பி ஊதினால் கன்னம் உப்பியதே தவிர போகவில்லை. பிறகு நான் கழற்றிப்போட்ட பழைய வால்வைக் கேட்டார். அதில் இரு பக்கமும் ஊதினார். இரு பக்கமும் போனது, ஒரு பக்கம் கொஞ்சம் சிணுங்கலோடு.

"நம்மூருக் கெணத்து மோட்டாருக்கு ஃபுட் வால்வு இருக்குதுங்கல்ல, அதேதானுங்கய்யா. தோல்ல ஒரு சின்னக் கல்லு மாட்டுனாப் போதும். ராத்திரியோட ராத்திரி பைப்புத் தண்ணியெல்லாம் கெணத்துக்கே போயிரும். காலைல மோட்டார் போட்டா வெறுமனே ஓடும், தண்ணி எடுக்காது. குடத்துல தண்ணி கொண்டாந்து ஊத்தோணும்."

கிணற்று மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றி வளர்ந்தவன் நான். எங்கள் அப்பா ஃபுட் வால்வைக் கழற்றித் தோல் மாற்றும்போது குழாயைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அந்த அறிவு எனக்குள் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். காருக்கு முன்னால் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை. படித்த புத்தகங்கள்தாம் வந்தன.

ஏதாவது பேச வேண்டுமே என்று, "வால்வுக்குத் தமிழில் ஓரதர் என்று பெயர்" என்றேன். சொன்னவுடன் என் மேலேயே எரிச்சலாக வந்தது. அவர் ஃபில்டரிலிருந்து கையை எடுக்காமல், "அதர்னா வழிங்கல்ல? பாலைத் திணைல வருமுங்களே ஐயா. கல்லு கெடக்கற வழி" என்றார்.

நான் நடத்தியது. அந்த வகுப்பில் அவன் எங்கே உட்கார்ந்திருந்தான் என்றுகூட எனக்கு நினைவில்லை.

"வால்வு மட்டும் மாத்துனாப் பத்தாதுங்கய்யா" என்றார் பிறகு. "ஸ்ட்ராவ மேல வெரல்ல மூடிப் புடிச்சா உள்ள ஜூஸ் நிக்குதுங்கல்ல? அந்தமாதிரி, காத்து நுழையாட்டி டீசல் கீழயே எறங்காது, வால்வு இருந்தாலும் இல்லாட்டியும். எறங்குதுன்னா எங்கியோ காத்து ஏறுதுன்னு அர்த்தம். அதயும் கண்டுபுடிக்கோணும்."

பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாய்த் துண்டை எடுத்தார். கண்ணாடி என்றால் கண்ணாடி அன்று. கொத்தனார்கள் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் லெவல் ட்யூப். வால்வை அம்பு எஞ்சினைப் பார்க்கும்படி மாட்டியபின், ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே இந்தத் துண்டைத் தற்காலிகமாகச் செருகினார். பத்தாம் நம்பர் ஸ்பானரால் ஃபில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, "நீங்க பம்ப் அடிங்கய்யா" என்றார்.

இப்போது கைப்பம்ப் எழுந்தது. அமுக்க அமுக்க ஸ்குரூ வாயிலிருந்து முதலில் வெறும் மூச்சு, பிறகு நுரை, பிறகு குமிழும் டீசலும் கலந்து துப்பல். குமிழே இல்லாமல் வழியும்வரை அடிக்க வேண்டும் என்றார். என் மணிக்கட்டு நனைந்து டீசல் முழங்கைவரை இறங்கியது. அவர் கையில் துணியோடு ஸ்குரூவையே பார்த்துக்கொண்டு நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டிய தேவையில்லாத நிலை. அந்தத் துணிவில் கேட்டேன்.

"அன்றைக்கு அந்தப் படிவம்... திரும்ப ஏனப்பா வரவில்லை?"

"அறுபத்தொம்போது இருந்துச்சுங்கய்யா." விழுக்காட்டைச் சொன்னார். சற்று நிறுத்தி, "ஆபீஸ்ல போயி வேற ஃபார்ம் கேட்டேனுங்க. தீந்துபோச்சுன்னாங்க. கடைசி நாளுங்கல்ல."

நான் அடிப்பதை நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது. "நிறுத்தாதீங்கய்யா, காத்து உள்ள போயிரும்" என்றார்.

அடித்தேன். குமிழ் நின்று டீசல் ஒரே சீராக வழிந்தது. ஸ்குரூவை இறுக்கினார்.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியதை என்னால் இப்போது எழுத்தில் அழகாகச் சொல்லிவிட முடியும். அங்கே சொன்னது இவ்வளவுதான்: "எனக்குத் தெரியாதப்பா." அது உண்மை. உண்மை என்பதைத் தவிர அதில் வேறொன்றுமில்லை. தெரிந்துகொள்ள நான் எழுந்து அலுவலக அறைவரை, நாற்பது அடி, நடந்திருக்கலாம். நாலரை மணிவரை அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். கறையோடு கையொப்பம் இட்டிருந்தாலும் எந்தத் துறைத்தலைவரும் அதைத் திருப்பியிருக்க மாட்டார். அவர், "பரவால்லீங்கய்யா" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அதனால் சொல்லாததே நல்லது.

அடுத்து நாஸில் பைப் நட்டுகள். ஃபில்டர்வரை காற்று போயாயிற்று. பம்புக்கும் நாஸிலுக்கும் இடையே இன்னும் இருக்கிறது. பதினேழாம் நம்பர் ஸ்பானரால் இரண்டு நட்டுகளை அரைச்சுற்று தளர்த்தி, மேலே துணியைப் போட்டார். "செல்ஃப் அடிங்க. கையக் கிட்டக் கொண்டு வராதீங்கய்யா. பிரஷர்ல வர்ற டீசல் தோலத் தொளச்சிரும். பாத்தா எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், உள்ள அழுகிப் போயிரும்." அவருடன் வேலை செய்த ஒருவருக்கு அப்படி ஒரு விரல் போயிருக்கிறதாம். அவருடைய பேட்டரியிலிருந்து கம்பி இழுத்துக் கொடுத்தபின் திருகினேன். துணி மெல்ல நனைந்தது. நட்டுகளை இறுக்கி மறுபடி திருகச் சொன்னார். இரண்டு சிலிண்டரில் தள்ளாடி, மூன்றாகி, ஒரு குலுக்கலோடு நான்கும் சேர்ந்துகொண்டன.

எஞ்சின் ஓடும்போது லெவல் ட்யூபில் பார்த்தோம். தெளிந்த டீசலின் நடுவே ஊசிமுனைக் குமிழ்கள், ஒன்றன்பின் ஒன்றாக. வால்வு புதியது; காற்று இன்னும் ஏறுகிறது. குழாயை விரலால் நெருடிக்கொண்டே போய் ஃபில்டரில் சேரும் இடத்தில் நிறுத்தினார். அங்கே ரப்பர் காய்ந்து கல்லாகியிருந்தது. கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. நுனியில் ஓர் அங்குலம் வெட்டியெறிந்து, நல்ல பகுதியைச் செருகிப் புதுக் கிளாம்ப் போட்டார். மறுபடி கைப்பம்ப், மறுபடி நுரை. அடுத்த முறை ட்யூபில் ஒன்றுமே தெரியவில்லை. டீசல் ஓடுகிறதா நிற்கிறதா என்றே கண்டுபிடிக்க முடியாத தெளிவு. லெவல் ட்யூபைக் கழற்றிவிட்டுப் பழைய குழாயை மாட்டினார். "ட்யூப் அப்பிடியே இருந்தாச் சூட்டுக்கு இளகிரும்" என்றார்.

தொலைதூரக் கல்வியில் பட்டத்தை முடிக்கலாமே, நான் உதவுகிறேன் என்று அதற்குள் இரண்டு முறை வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். மூன்றாவது முறை சொல்லியே விட்டேன். "இப்ப எதுக்குங்கய்யா?" என்று கேட்டார். கேலியில்லை, கசப்புமில்லை. பதில் தெரிந்துகொள்ளவே கேட்டார். எதற்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பில் வேண்டுமா என்றார். வேண்டாம் என்றுதான் சொல்லப்போனேன், எழுதச் சொன்னேன். கிளாம்ப் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, காரின் பானெட்டில் வைத்து எழுதினார். அதே எழுத்து. 'கிளாம்ப் 2 - ரூ. 60. ஓஸ் வெட்டிச் சேர்த்தது. ஓரதர் மாட்டிக் காற்று எடுத்த கூலி - ரூ. 400.' மூலையில் கட்டைவிரல் பதிந்திருந்தது. என் கையும் டீசல்தான். வாங்கியபோது இன்னொரு மூலையில் என்னுடையதும் பதிந்தது.

ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். சட்டைப் பையில் தேடி நாற்பது ரூபாய் எண்ணிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கிக்கொண்டேன். எக்ஸெல்லை உதைத்துக் கிளப்பிவிட்டு, "இன்னைக்கு ஒரு நாளைக்கு மூக்கு மேல இருக்கற மாதிரியே நிறுத்துங்கய்யா. காலைல கெளம்புதான்னு பாத்துப் போன் பண்ணுங்க" என்றார்.

மறுநாள் ஏழேகாலுக்கு முதல் திருகலில் கிளம்பியது. எதிர்வீட்டு அம்மாள் நிமிரக்கூட இல்லை. காரை ஓடவிட்டுவிட்டு இறங்கி வந்து அவருக்குப் போன் செய்தேன்.